கடல்நீர்த் தொட்டியில் களை எடுத்தல்



தோட்டத்து லயங்களை விட்டு வரிசை வீடுகளுக்கும் அடுக்கு வீடுகளுக்கும் குடிபோன நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் இன்று வாசலறையில் ஒரு கண்ணாடித் தொட்டியைப் பார்க்கிறோம். முன்பெல்லாம் அதில் தங்கமீனும் கப்பியும் நீந்தின. 2003-ஆம் ஆண்டில் கோமாளி மீன் ஒன்றைக் கதாநாயகனாக வைத்து அமெரிக்கப் படம் ஒன்று வந்ததிலிருந்து பிள்ளைகள் கேட்பது கடல் மீன். தகப்பனார் மிகைநேர வேலைக் காசைச் சேர்த்துவைத்துத் தொட்டியும் விளக்கும் நீரைச் சுழற்றும் பம்பும் வாங்கி வைக்கிறார். முதல் மாதம் எல்லாரும் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு கண்ணாடியில் பழுப்பு ஏறுகிறது. மணலில் சிவப்புத் தோல் படர்கிறது. பாறையில் பச்சை மயிர் முளைக்கிறது. சிலர் மனம் கசந்து தொட்டியைக் கவிழ்த்துக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். சிலர் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு புட்டி மருந்தை ஊற்றுகிறார்கள். பாசியோடு மீனும் போய்விடுகிறது. மாதக் கணக்கில் சேர்த்த பணம் இப்படி ஒரு மருந்துப் புட்டியில் முடிய வேண்டியதில்லை. எந்தப் பாசி எது, அதை எப்படி எடுப்பது என்பதைப் பற்றி இன்று பேசலாம்.

லாலான் புல்லைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலே அரிவாளால் அறுத்துவிட்டுப் போனால் பத்து நாளில் முன்னிலும் அடர்த்தியாக எழும்பும். மண்ணுக்குள் ஓடும் கிழங்குத் தண்டு இருக்கும்வரை லாலான் இருக்கும். தொட்டிப் பாசிக்கு அப்படிப்பட்ட கிழங்கு கிடையாது. அதன் கிழங்கு நீரில் கரைந்திருக்கும் உரந்தான். செம்பனைக்கு நாம் போடுகிற தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கின்றனவே, அவையே நைட்ரேட், பாஸ்பேட் என்ற உருவில் தொட்டி நீரிலும் கலந்திருக்கின்றன. மூட்டை பிரித்து யாரும் கொட்டவில்லை. மீனுக்குப் போடும் தீனியில் அவை இருக்கின்றன. மீன் தின்று கழித்ததும், தின்னாமல் அடியில் தங்கிய தீனியும் அழுகும்போது முதலில் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. பாறையிலும் மணலிலும் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட் ஆக்கி, பிறகு நைட்ரேட் ஆக்குகின்றன. நைட்ரேட் மீனை எளிதில் கொல்லாது. ஆனால் வெளியே போகவும் வழியில்லாமல் நாளுக்கு நாள் சேர்கிறது. செம்பனை ஆலையின் கழிவுக் குட்டைகளில் கடைசிக் குட்டை சில சமயம் பச்சைச் சாயம் கரைத்ததுபோல் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அதே கணக்குத்தான் இங்கும்.

ஆகவே பாசியைக் கையால் எடுப்பது பாதி வேலை; அதற்குத் தீனியாகும் உரத்தைக் குறைப்பது மீதிப் பாதி. இதற்கு ஒரு விலக்கு உண்டு. அது பின்னால் வரும். அந்த விலக்கு இருப்பதனால்தான் பாசியின் பெயர் தெரியாமல் கையை வைக்கக் கூடாது என்கிறேன்.

புதுத் தொட்டியில் முதலில் வருவது பழுப்புத் தூள். கண்ணாடியிலும் மணலிலும் காப்பித் தூளைத் தூவியதுபோல் இருக்கும். விரலால் தடவினால் உடனே கலைந்துவிடும். இதற்கு டயாட்டம் என்று பெயர். தன் உடலுக்கு மணிக்கண்ணாடிபோல் ஓர் ஓடு கட்டிக்கொள்ளும் நுண்ணிய பாசி இது. அந்த ஓட்டுக்கு வேண்டிய சிலிக்காவைப் புது மணலிலிருந்தும் நீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. அந்தச் சத்து தீர்ந்தால் சில வாரங்களில் தானே ஓய்ந்துவிடும். இதைக் கண்டு பயந்து தொட்டியைக் கழுவி மறுபடி தொடங்குகிறவர் பழுப்பையும் மறுபடி தொடங்கிவைக்கிறார். துடைத்துவிட்டுப் பொறுத்திருங்கள்.

கண்ணாடியில் மட்டும் மெல்லிய பச்சைப் படலம் ஏறினால் அது எந்தத் தொட்டிக்கும் உள்ளதுதான். காலாவதியான பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் வாரத்துக்கு இரண்டு தடவை சுரண்டினால் போதும். அக்ரிலிக் தொட்டியாக இருந்தால் இரும்புப் பிளேடு வேண்டாம். கீறல் விழுந்துவிடும், கீறலில் பாசி ஒளிந்துகொள்ளும்.

பச்சை மயிர்ப் பாசி வேறு. பாறையில் குச்சம் குச்சமாக முளைத்து நீரோட்டத்தில் ஆடும். பிடித்து இழுத்தால் நனைந்த தலைமுடி போல் கையோடு வரும். நீரில் உரம் மிகுந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. இதே பச்சையில், சின்னஞ்சிறு இறகு போலவோ பெரணி இலை போலவோ நடுத்தண்டும் பக்கக் கிளையுமாக இருந்தால் அது பிரையாப்சிஸ் என்னும் மற்றொன்று. நத்தைகள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. அறுந்த துண்டிலிருந்தே திரும்ப முளைக்கும். பச்சை மணிபோல், பட்டாணி அளவிலும் அதைவிடப் பெரிதாகவும் பளபளவென்று ஒட்டியிருப்பது வலோனியா. இதைப் பிள்ளைகள் நகத்தால் நசுக்கிப் பார்க்க ஆசைப்படுவார்கள். நசுக்க விடாதீர்கள். முழுமணியாக அடியிலிருந்து நெம்பி எடுக்க வேண்டும். உள்ளிருப்பது நீரில் கலந்தால் வேறிடத்தில் முளைக்க இடமாகிவிடும்.

இனி சிவப்புத் தோல். மணலின்மேல் கருஞ்சிவப்பாக, வெல்வெட்டுத் துணி விரித்ததுபோல் படர்ந்து, ஆங்காங்கே காற்றுக் குமிழிகள் சிக்கியிருக்கும். ஓரத்தைத் தூக்கினால் பால் ஆடைபோல் ஒரே தகடாக எழும்பி வரும். கெட்ட வாடையும் உண்டு. வழக்கத்தில் பாசி என்கிறோமே தவிர, உண்மையில் இது பாசி அல்ல; ஒளியைக் கொண்டு உணவு செய்யும் பாக்டீரியா. இவற்றுள் சில காற்றிலிருந்து நீரில் கரைந்த நைட்ரஜனையே நேராகப் பிடித்து உணவாக்கிக்கொள்ளும். இளஞ்செம்பனைகளுக்கு நடுவே விடும் மூடுபயிர்க் கொடியின் வேர்முடிச்சுகளில் நடக்கிறதே, அதே வித்தைதான். அதனால் நைட்ரேட் குறைவாக உள்ள தொட்டியிலும், பாஸ்பேட் கொஞ்சம் இருந்தாலே இது வந்துவிடும். நீரோட்டம் எட்டாத மூலையும், அழுக்கு தங்கிய மணலும் இதற்குப் பிடித்த இடம். இதைக் கொல்ல நோய்க்கிருமி மருந்து ஊற்றும் வழக்கம் சிலரிடம் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துக்கு நல்ல பாக்டீரியா எது, கெட்டது எது என்று தெரியாது. அம்மோனியாவை மாற்றித் தரும் கூட்டமும் அதோடு அடிபட்டால் மறுநாள் மீன் மேலே வந்து வாயைத் திறந்து நிற்கும்.

சிவப்பு என்றதும் அவசரப்பட்டு ஒரு தவறு நேர்வதுண்டு. பாறையிலும் பம்பிலும் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ கெட்டியாகச் சுண்ணாம்பு பூசியதுபோல் படிவதும் ஒரு பாசிதான். நகத்தால் சுரண்டினால் வராது. அது பவளப்பாசி, சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு தன்னைக் கட்டிக்கொள்வது. அது வளர்ந்தால் உங்கள் தொட்டி நன்றாக இருக்கிறது என்று பொருள். முன்பக்கக் கண்ணாடியில் இருந்தால் மட்டும் சுரண்டுங்கள். மற்ற இடத்தில் அதை விட்டுவிடுங்கள். அது பிடித்த இடத்தில் மயிர்ப் பாசி எளிதில் இடம் பிடிப்பதில்லை.

கடைசியாக, நான் முன்னே சொன்ன விலக்கு. பழுப்பு நிறத்தில், மூக்குச் சளிபோல் நூல்நூலாகத் தொங்கும். நூலின் நுனியில் காற்றுக் குமிழி இருக்கும். பகலில் விளக்கு எரியும்போது கூடும். இரவில் குறைந்ததுபோல் தோன்றும். மறுநாள் மாலை திரும்பவும் நிறைந்திருக்கும். நத்தைகள் காரணமின்றிச் சாகலாம். இது டைனோஃபிளாஜெல்லேட் என்னும் இனம். சாட்டைபோன்ற இரண்டு இழைகளால் சுழன்று நீந்தும் ஓரணு உயிர். கோல சிலாங்கூரிலிருந்து இரவில் படகேறி, துடுப்புப் படும் இடமெல்லாம் நீலமாக ஒளிர்வதைப் பார்க்கப் போகிறார்களே, அந்த ஒளியைத் தருவதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. இவற்றில் நஞ்சு உள்ளவையும் இருக்கின்றன. 1976-இல் சபாவில் கடலில் இவ்வினம் ஒன்று பெருகி, சிப்பி வகைகளில் நஞ்சு ஏறி, அவற்றைத் தின்றவர்கள் உயிரிழந்தனர்.

இதைப் பழுப்புத் தூளாகிய டயாட்டத்திலிருந்து பிரித்தறிய வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சளி நூல் கொஞ்சத்தைத் தொட்டி நீரோடு ஒரு கண்ணாடிக் குவளையில் எடுங்கள். மூடி நன்றாகக் குலுக்குங்கள். மெல்லிய காகிதத்திலோ துணியிலோ வடிகட்டி, வடிந்த நீரை விளக்குக்கு அடியில் ஒரு மணிநேரம் அசையாமல் வையுங்கள். அந்த நீரில் திரும்பவும் நூல்நூலாகக் கூடித் திரண்டால் அது டைனோஃபிளாஜெல்லேட். டயாட்டம் அப்படிக் கூடுவதில்லை. மேல்வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை அவர்களிடமே கொடுக்கலாம்; பள்ளியில் நுண்ணோக்கி இருந்தால் ஒரு சொட்டை அதன் கீழே வைத்து, அவை சுற்றிச் சுற்றி நீந்துவதையும் காணலாம்.

விலக்கு என்னவென்றால், மற்றப் பாசிகள் உரம் மிகுந்தால் வருகின்றன. இதுவோ பல சமயம் உரம் அறவே தீர்ந்த தொட்டியில் வருகிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியத்துக்கு இறங்கிவிட்டால் போட்டியிடும் பாசிகள் ஓய்ந்துபோகின்றன. காலியான இடத்தை இது பிடித்துக்கொள்கிறது. அதனால் மயிர்ப் பாசிக்குச் செய்வதுபோல் நீரை அடிக்கடி மாற்றித் தீனியைக் குறைத்தால் நிலைமை மோசமாகும். இதற்கு நீர் மாற்றுவதைச் சில காலம் நிறுத்தி, மீனுக்குத் தீனியைச் சற்றே கூட்டி, தொட்டியைக் கறுப்புத் துணியால் மூன்று நாள் முழுக்க மூடி வைப்பது வழக்கம். மூடியிருக்கும்போது காற்றுக் குழாய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சாகும் பாசி அழுகி நீரிலுள்ள பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும். பவளம் வைத்திருப்போர் மூன்று நாளுக்கு மேல் நீட்டக் கூடாது; அதற்கும் ஒளி தேவை.

இனி கையால் எடுக்கும் வேலை. முதலில் பம்பு, விளக்கு எல்லாவற்றின் மின்சாரத்தையும் சுவரில் அடைத்துவிடுங்கள். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஈரக் கையோடு தைரியம் காட்டும் இடமல்ல இது. கையில் புண்ணோ கீறலோ இருந்தால் ரப்பர் கையுறை இல்லாமல் நீரில் கை வைக்காதீர்கள். மீன் தொட்டி நீரிலிருந்து தோலில் ஏறி மாதக் கணக்கில் ஆறாத புண் உண்டாக்கும் கிருமி ஒன்று உண்டு. வைத்தியரிடம் போக நேர்ந்தால் வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாது.

மயிர்ப் பாசி பிடித்த பாறையைத் தொட்டிக்குள்ளேயே தேய்க்காதீர்கள். தேய்த்த துண்டுகள் நீரோட்டத்தில் ஓடி மற்றப் பாறைகளில் தங்கும். அறுந்த துண்டு என்ன செய்யும் என்பதற்கு மன்னார் வளைகுடாவில் நடந்ததைச் சொல்லலாம். நம் சபாவில் செம்போர்ணா பக்கம் பணப்பயிராக வளர்க்கும் கப்பாபைகஸ் என்னும் கடற்பாசியைத் தமிழ்நாட்டில் மண்டபம் கரையிலும் 1990-களில் கொண்டுவந்து வளர்க்கத் தொடங்கினார்கள். 2008-இல், அது அருகிலுள்ள குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்களின்மேல் படர்ந்து மூடியிருப்பதை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆட்களை இறக்கிக் கையால் பிய்த்தெடுத்தும், ஒட்டியிருந்த சிறு துண்டுகளிலிருந்து திரும்பவும் வளர்ந்தது. செம்போர்ணாவில் பயிர், குருசடையில் களை. பாறையை வெளியே தூக்கி, தொட்டி நீரையே ஒரு வாளியில் ஊற்றி, அதற்குள் வைத்துப் பல் தூரிகையால் தேய்த்து, தொட்டி நீரிலேயே அலசி உள்ளே வைப்பதுதான் சரி. குழாய் நீரில் அலசினால் அதிலுள்ள குளோரின் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தூக்க முடியாத பாறையாக இருந்தால் ஒரு மெல்லிய குழாயால் நீரை உறிஞ்சி இறக்கிக்கொண்டே, குழாயின் வாய்க்குப் பக்கத்தில் பிய்க்க வேண்டும். சிவப்புத் தோலையும் இப்படித்தான் உறிஞ்சி எடுப்பது.

பாறையைக் கொதிநீரில் போட்டால் எல்லாம் செத்துவிடுமே என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பொத்தான்போல் கூட்டமாக வளரும் பவள வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. கொதிக்கும் ஆவியிலும் தேய்க்கும்போது தெறிக்கும் துளியிலும் அது மூச்சுக்குள் போகும். 2018-இல் இங்கிலாந்தில் ஸ்டீவன்டன் என்னும் ஊரில் தொட்டிப் பவளத்தை எடுத்துச் சுத்தம் செய்த ஒரு குடும்பத்தாரும், உதவிக்குப் போன தீயணைப்பு வீரர்களும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அடுப்படியும் படுக்கையறையும் ஒட்டியிருக்கும் நம் வீடுகளில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

எடுத்தாயிற்று, இனி உரத்தைக் குறைப்பது. தீனி போடுவது பெரும்பாலும் பிள்ளைகளின் பொறுப்பு. அன்பு மிகுதியால் மூன்று வேளையும் பிடிபிடியாகப் போடுவார்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போதும். உறைந்த தீனியாக இருந்தால் கரைத்து, அந்த நீரை வடித்துவிட்டுப் போடுங்கள். விளக்கு நாளுக்கு ஆறிலிருந்து எட்டு மணிநேரம் எரியட்டும். சன்னல் வெயில் நேரே விழும் இடத்தில் தொட்டியை வைக்காதீர்கள்.

நீர் மாற்றுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. லிட்டருக்கு 40 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள தொட்டியில் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் 36 ஆகும். வாரம் ஒருமுறை அப்படியே செய்தால் நான்கு வாரத்தில் 26 அளவுக்கு வரும். அதுவும் இடையில் புதிதாக ஒன்றும் சேராவிட்டால். தீனியைக் குறைக்காமல் நீரை மட்டும் மாற்றுகிறவர் ஏன் சலித்துப்போகிறார் என்பது இந்தக் கணக்கில் தெரியும். 120 சென்டிமீட்டர் நீளமும் 45 அகலமும் 45 உயரமும் உள்ள தொட்டி விளிம்புவரை 243 லிட்டர் கொள்ளும். பத்தில் ஒரு பங்கு 24 லிட்டர். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால் ஒவ்வொரு வாரமும் 840 கிராம் உப்பு வேண்டும். அது தொட்டிக்கென்றே விற்கும் கடலுப்புக் கலவையாக இருக்க வேண்டும். சமையல் உப்பு உதவாது.

கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, தஞ்சோங் காராங் கரையிலிருந்து வாளியில் எடுத்தால் என்ன என்று கேட்கலாம். அங்கே ஆற்று நீர் கலந்து உப்பு குறைந்திருக்கும்; சேறும் நிறைய. வயல்களின் வடிகால் நீரும் மதகுகள் வழியாக அங்கேதான் போய்ச் சேர்கிறது. வயலுக்கு இட்ட உரத்தில் ஒரு பங்கு அதோடு வரும். உரத்தைக் குறைக்க நினைத்து உர நீரையே கொண்டுவந்தது போலாகும். உப்புக் கலவையைக் கரைக்கச் சுத்திகரித்த நீர் நல்லது. கடை வரிசைகளின் அஞ்சடியில் காசு போட்டால் நீர் தரும் இயந்திரங்கள் இருக்கின்றன. அவற்றில் சில வெறும் வடிகட்டி. சில மட்டுமே கரைந்த உப்புகளையும் நீக்குபவை. கரைந்த பொருளை அளக்கும் சிறு கருவி அதிக விலையில்லை. ஒருமுறை வாங்கி, நீரில் முக்கிப் பார்த்தால் எந்த இயந்திரம் என்று தெரிந்துவிடும். ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக உப்பில்லா நீரையே ஊற்றுங்கள், உப்பு ஆவியாவதில்லை.

களையைக் களையாலேயே அடக்கும் முறையும் ஒன்று உண்டு. பிளாஸ்டிக் நூற்கண்டுபோல் சுருண்டு வளரும் கீட்டோமார்ஃபா என்னும் பச்சைப் பாசியைத் தொட்டியின் பக்க அறையில், தனி விளக்கில் வளர்க்கிறார்கள். நீரிலுள்ள உரத்தை அது தின்று கொழுக்கும். வளர்ந்ததில் பாதியை மாதம் ஒருமுறை அள்ளி எறிந்தால் அவ்வளவு உரமும் வீட்டை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. மூடுபயிர்க் கொடி லாலானை அடக்குவதை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பாறையில் மேயும் நத்தைகளும் உதவும். ஆனால் மயிர்ப் பாசியைக் கையால் குட்டையாகப் பிய்த்துவிட்ட பிறகே நத்தையை விட வேண்டும். நீண்ட மயிரை அது தொடாது.

எடுத்த பாசியை எங்கே போடுவது? பரீட்டிலோ வயல் கால்வாயிலோ ஆற்றிலோ போடக் கூடாது. 1984-இல் மொனாக்கோ நாட்டுக் கடலாய்வு அருங்காட்சியகத்துக்கு எதிரே மத்தியதரைக் கடலில் காலெர்ப்பா என்னும் தொட்டிப் பாசி சிறு திட்டாகக் காணப்பட்டது. பிறகு அது பல நாட்டுக் கரைகளில் படர்ந்துவிட்டது. அதே பாசி 2000-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாக் கரையில் தென்பட்டபோது உடனே தார்ப்பாய் விரித்து மூடி, உள்ளே குளோரின் செலுத்திப் போராடினார்கள். முற்றாக ஒழிந்தது என்று அறிவிக்க 2006 வரை ஆயிற்று. நம் பக்கத்துப் பரீட்டு நீர் போய்ச் சேரும் சேற்றுக் கரையில் கெராங் எடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. பாசியை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் குளிர்பெட்டியின் உறை அறையில் ஓர் இரவும் பகலும் வைத்து, அல்லது தகரத்தின்மேல் பரப்பி வெயிலில் நொறுங்கும்வரை காயவைத்து, குப்பைத் தொட்டியில் போடுங்கள். மாற்றிய பழைய நீரையும் வாசல் பரீட்டில் ஊற்றாமல் கழிவறையில் ஊற்றிவிடுங்கள். பூச்செடிக்கு ஊற்றினால் உப்பில் கருகிவிடும்.